காக்கா கணக்குல வராதா?

பறவை பாக்கறதுக்குப் பேரு குடுத்திருக்கியாமே தம்பி? நல்ல காரியம். வெடியக்காலம் அஞ்சரை மணிக்கு வந்து நிப்பேன்னு ஒத்துக்கிட்டியாமே, அதத்தான் என்னால நம்ப முடியல. பறவை எங்கயும் போயிடாது. நீ அஞ்சரைக்கு எழுந்திரிக்கிறதுதான் அபூர்வக் காட்சி. அதப் பாக்க வேணும்னா ஒரு கூட்டம் கூட்டலாம்.

கோச்சுக்காத. எங்க மீன்சுருட்டிப் பக்கம் கிழவன் ஒருத்தன் கிண்டல் பண்ணாம ஒக்காந்திருந்தா, ஒடம்புக்கு என்னமோன்னு வைத்தியரக் கூப்புடுவாங்க. செத்த ஒக்காரு. போறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்த கேட்டுட்டுப் போ.

நானும் ஒருக்கா போயி வந்தவன்தான். ஐப்பசி கடைசி, மழ விட்டும் விடாத நேரம். மெட்ராசுல பேரன் வூட்டுல இருந்தேன். நவம்பர் 12 சாலிம் அலி பொறந்த நாளு, அதையொட்டிக் கூட்டமா நடந்து பறவை பாக்குறோம், நீயும் வா தாத்தான்னான். வூட்டுல இருந்து கெளம்பறப்பவே எனக்குச் சிரிப்பு. பேரன் வூட்டு பால்கனியில புறா வரக்கூடாதுன்னு நைலான் வலை அடிச்சிருக்கு. வாசல் தேடி வந்த பறவைக்கு வலை அடிச்சிப்புட்டு, வூட்டப் பூட்டிக்கிட்டு, ஆட்டோவுக்குக் காசு குடுத்துப் பறவை பாக்கப் போறோம். இந்த ஞாயத்த யாருகிட்ட சொல்ல?

எடம், மயிலாப்பூர் லஸ் பக்கத்துல நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சனம் கம்பெனி ஆரம்பிச்சாரே, அந்த மனுசன் பேருல இருக்குற பூங்கா. மரத்த அண்ணாந்து அண்ணாந்து பாத்தா கழுத்து புடிச்சிக்கும்னு தெரிஞ்சேதான் இந்த எடத்தத் தேர்ந்தெடுத்திருக்கானுவன்னு நெனச்சேன். புத்திசாலிப் பயலுவ.

வந்தவங்க எல்லாம் பச்சையும் மண்ணு நெறமுமா சட்டை. தலையில தொப்பி. பறவை கண்ணுக்கு ஆளு தெரியக்கூடாதாம். அந்தப் பூங்காவுல தெனம் நடக்க வர்ற சனங்க இருக்காங்களே, செவப்பு பனியனும் மஞ்ச சுடிதாருமா, கையத் தட்டிக்கிட்டு, சத்தமா மருமவளப் பத்திப் பேசிக்கிட்டுப் போறாங்க. ரெண்டடி தள்ளி மைனா அது பாட்டுக்குப் புழு பொறுக்குது. நம்ம ஆளுங்க மண்ணு நெறத்துல குனிஞ்சு, பதுங்கிப் பதுங்கிப் போனாங்க பாரு, ஒரே எழும்பு. மைனாவுக்குத் தெரியாதா? நேரா நடந்து வர்றவன் மனுசன். பதுங்கி வர்றது பூனை. அதுங்க அறிஞ்ச ஒலகத்துல பதுங்கி வந்தது எதுவும் போட்டோ எடுக்க வந்ததில்ல.

கண்ணுல வச்சிப் பாக்குற கொழா ஒண்ண என் கையிலயும் குடுத்தான் பேரன். மேல எட்டு, நாப்பத்திரண்டுன்னு போட்டிருந்துச்சு. எட்டு மடங்கு கிட்டக்கக் காட்டுமாம், முன்னாடி இருக்குற கண்ணாடி 42 மில்லிமீட்டராம். வெல கேட்டேன். சொன்னான். ரெண்டாந்தரம் கேக்கல. நல்லாத்தான் தெரிஞ்சுது, பொய் சொல்லக்கூடாது. எதுத்த மாடியில என்னா காயுது, யாரு பல்லு வெளக்குறான்னு மொதல்ல அதுதான் தெரிஞ்சுது. பேரன் பதறிப்போயி கொழாய மரத்துப் பக்கம் திருப்பிவுட்டான்.

இன்னொரு பையன் செல்லத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான். சிக்னல் தேடுறானோன்னு பாத்தா, சத்தத்த வச்சே இன்ன பறவைன்னு அது சொல்லுமாம். மெர்லின்னு பேரு. அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரங்க செஞ்சது. கெட்டிக்காரச் சாமான்தான். குயிலுன்னுச்சு, தையல்சிட்டுன்னுச்சு, குக்குறுவான்னுச்சு, எல்லாம் சரி. திடீர்னு வல்லூறுன்னு காட்டிச்சு. அவ்வளவுதான், அத்தன கொழாயும் வானத்துக்குப் போச்சு. எங்கே எங்கேங்குறான் ஒருத்தன். பாத்துட்டேன்ங்குறான் இன்னொருத்தன்.

நான் கரண்டுக் கம்பியப் பாத்தேன். கரிச்சான் குந்தியிருக்கு. அவன்தான் வல்லூறு கொரல எடுத்துக் கத்துறான். அது அவனுக்குப் பழைய தொழிலு. வல்லூறு வந்துடுச்சின்னு மைனா பயந்து வாயில கெடக்கறதப் போட்டுட்டு ஓடும். இவன் நிதானமா எறங்கிப் போயி எடுத்துத் திம்பான். ஒழவு மாட்டு முதுவுல குந்திக்கிட்டு ஊரெல்லாம் சுத்துற பயலுக்கு இது தெரியாதா? மைனாவ ஏமாத்தக் கத்துனான். படிச்சவங்க மொத்தப் பேரும் சேந்து ஏமாந்தாங்க. வல்லூறப் பாத்தேன்னு சொன்னவன் நோட்டுல எழுதியே புட்டான். நான் எதுவும் பேசல. வெளியூருல வாயக் கொடுக்கக்கூடாது.

அப்பறம் வேற ஒருத்தன், மறஞ்சிருக்குற பறவைய வெளிய வரவைக்கிறேன்னு செல்லுலேருந்து அதோட சத்தத்தப் போட்டான். எனக்குப் பழைய ஞாபகம் வந்துடுச்சி. எங்க பக்கம் கவுதாரி புடிக்கிறவன் ஒரு பழக்குன கவுதாரியக் கூண்டுல வச்சிக் கொல்லையில வுடுவான். அது கத்தும். எவன்டா என் எடத்துல கத்துறான்னு காட்டுக் கவுதாரி சண்டைக்கு வரும். சுத்தி கண்ணி இருக்கும். அவன் கொழம்புக்குப் பண்ணான், இவன் போட்டோவுக்குப் பண்றான். பறவைக்கு என்னா வித்தியாசம்? ரெண்டு எடத்துலயும் வேலை கெட்டு, பசியோட சண்டைக்கு வந்து நின்னது அதுதான். நல்லவேளை, கூட்டத்தக் கூட்டிவந்த பொண்ணு அத அணைக்கச் சொல்லிடுச்சி. கொரல ஒசத்தாமச் சொல்லுச்சி. அந்தப் பயலும் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு அணைச்சிட்டான்.

அந்தப் பொண்ணு வெவரமான பொண்ணு தம்பி. ஒரு சின்னப் புள்ள கூட்டத்துல வந்திருந்துச்சி. அதோ பறவைன்னு கையக் காட்டுச்சி. தொப்பிக்காரர் ஒருத்தரு திரும்பிப் பாத்துட்டு, அது சும்மா காக்காம்மான்னாரு.

சும்மா காக்காவா? புரட்டாசி அமாவாசைக்கு மொட்டமாடியில எலையில சோத்த வச்சிக்கிட்டு, ஆபீசுக்கு நேரமாவுது நேரமாவுதுன்னு, கா கான்னு தொண்ட கிழியக் கத்துனது யாரு? அன்னைக்கி அது ஒங்க தாத்தன். இன்னைக்கி சும்மா காக்காவா? வருசத்துல ஒருநா வந்து தின்னுட்டுப் போறதுக்கு மட்டும் ஒறவா?

அந்தப் பொண்ணு புள்ள பக்கமா குனிஞ்சு, எத்தன காக்கான்னு எண்ணிச் சொல்லு, எழுதிக்குவோம்னுச்சி. காக்கா, புறா, மைனா எல்லாத்தையும் எழுதுனாத்தான் அது கணக்காம். அபூர்வமா வந்தத மட்டும் எழுதுனா, பத்து வருசம் கழிச்சி எது கொறஞ்சுது எது கூடுச்சின்னு சொல்ல முடியாதாம். சிட்டுக்குருவி கதையே பாரு. செல்லு டவரு கொன்னுடுச்சின்னு சினிமாவே எடுத்துட்டாங்க. இந்தியா பூரா சனங்க எழுதுன கணக்கக் கூட்டிப் பாத்து 2020ல ஒரு அறிக்கை வந்துச்சு. மொத்தத்துல சிட்டுக்குருவி பெருசா கொறையல, பெரிய பட்டணங்கள்லதான் கொறஞ்சிருக்குன்னு அதுல போட்டிருந்துச்சி. அது ஏன் பட்டணத்துல கொறையுதுன்னு என்னைக் கேட்டா நான் சொல்லுவேனே. எரவாணம் இல்லாத வூடு. கம்பும் கேவுரும் காயப்போடாத வாசல். குஞ்சுக்குக் குடுக்க ஒரு புழு கெடைக்காத தொட்டிச் செடி. டவரு மேல காக்கா கூடு கட்டி, குஞ்சு பொரிச்சி, குடும்பம் நடத்துது.

அன்னைக்கி அந்தக் கூட்டம் ஆசப்பட்டு வந்தது ஆறுமணிக் குருவியப் பாக்க. வெடியறப்ப ஆறு மணிக்கும் பொழுது சாயறப்ப ஆறு மணிக்கும் விசிலு அடிக்கும், அதான் அந்தப் பேரு. வயித்துல செவப்பு, முதுவுல பச்சை, றெக்கையில நீலம், கண்ணுல மை. வடக்க இமயமலை அடிவாரத்துலயும் நடு இந்தியாவுலயும் குஞ்சு பொரிச்சிட்டு, குளிருக்குத் தெக்கால வரும். ராத்திரியில பறக்கும். ஐப்பசியில வந்து எறங்குறப்ப அலுத்துப்போயி வூட்டுக்குள்ளகூட வுழுந்து கெடக்கும். எங்க முந்திரிக் கொல்லையில சருவு கெடக்குற நெழல்ல தத்தித் தத்தி நடக்கும். பறவைன்னாலும் மண்ணுல நடந்து பொழைக்கிற சாதி.

கொழா, கேமரா, செல்லு எல்லாம் சேந்து தேடுது. மரத்துலயே தேடுது. நான் ஒரு மூலையில கூட்டிக்கிட்டிருந்த அம்மாகிட்டப் போனேன். சின்னக் கோழிக்குஞ்சு ஒசரத்துல, வாலு மொட்டையா, கலருகலரா ஒண்ணு பாத்தியாம்மான்னேன். அது வெளக்குமாத்த நிறுத்தாமயே, “அந்தாண்ட குப்பை மக்க வைக்கிற குழி இருக்குல்ல பெரியவரே, அந்த மூலையில நான் சருவு கூட்டறதில்ல. அங்கதான் நாலு நாளா நிக்குது”ன்னுச்சி.

போயிப் பாத்தோம். நிக்குது. சருவ அலவால பெரட்டிப் பெரட்டி, புழுவ இழுத்துத் திங்குது. அப்பறம் பாக்கணுமே. டிக் டிக் டிக்குன்னு கேமரா மழை. ஒருத்தருக்கொருத்தரு கையக் குடுத்துக்கிட்டாங்க. என் வாழ்நாள்ல மொத தடவன்னு ஒரு அம்மா கண்ணு கலங்கிட்டாங்க. அதுல பொய் இல்ல, எனக்கும் மனசு எளகுச்சி. ஆனா கூட்டுற அம்மாவ யாரும் படம் எடுக்கல. பூங்கா முழுக்க சுத்தம் சுத்தம்னு தெனம் தரையச் சொரண்டி எடுக்குறமே, சருவக் கூட்டாம வுட்ட ஒத்த மூலையிலதானே பறவை எறங்கியிருக்கு, இத நோட்டுல எழுதுனாங்களா? எழுதல. மணி எழுதுனாங்க, எடம் எழுதுனாங்க, வெளக்குமாத்த எழுதல.

இதுதான் தம்பி நான் சொல்ல வர்றது. பறவை ஒன் ஆசைக்கு வரல. திங்க வருது, ஒறங்க வருது, குஞ்சு பொரிக்க வருது. அதுக்கும் ஒனக்கும் நடுவுல ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தாத்தான் அது தங்கும். வேடந்தாங்கல எடுத்துக்க. 1798ல, கும்பினிக்காரன் காலம். வெள்ளைக்கார சிப்பாயிங்க பொழுதுபோவாம ஏரியில வந்து பறவையச் சுட்டானுவ. ஊர்க்காரங்க நேரா செங்கல்பட்டு கலெக்டரு லயனல் பிளேசுகிட்டப் போயி மொறையிட்டு, யாரும் சுடக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. பாசமா? இருக்கலாம். அதவிடப் பெரிய விசயம், பறவை எச்சம் ஏரித் தண்ணியில கலந்து, அந்தத் தண்ணி வயலுக்குப் பாயுறது. காசில்லாத ஒரம். அந்தக் காலத்துச் சம்சாரி கணக்குல கெட்டி. இயற்கைய நேசிப்போம்னு அவன் பனியன்ல அச்சடிச்சிக்கிட்டுத் திரியல. எச்சத்த நேசிச்சான். இருநூறு வருசம் தாண்டியும் பறவை வருது.

ஒங்க சாலிம் அலியவே எடுத்துக்கயேன். 1896ல பொறந்தவரு. சின்னப் பயலா இருக்கறப்ப வெளையாட்டுத் துப்பாக்கியில குருவிய சுட்டாரு. கழுத்துல மஞ்சத் திட்டோட வித்தியாசமா இருக்கேன்னு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துக்கிட்டுப் போனாரு. அங்க பாடம் பண்ணி அடுக்கி வச்சிருந்த பறவைங்களக் காட்டுனாங்க. அதுலேருந்து ஆரம்பிச்சதுதான் எல்லாம். கையில எடுத்துப் பாத்தவரு. அதுக்காக நீ கவுட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்பாத, 1972லயே சட்டம் போட்டாச்சி.

ஊர்க்காரன் பூரா யோக்கியன்னும் நெனைக்காத. வயல்ல குருணை மருந்த அள்ளி எறைச்சி, நத்தையும் நண்டும் செத்து, அதப் பொறுக்க வந்த நாரையும் போன கதை எங்க பக்கமும் உண்டு. ஆனா அதே ஊர்க்காரன்தான் எலித் தொல்ல தாங்கலன்னா தென்ன மட்டைய வயல்ல தலைகீழா நட்டு வைக்கிறான். ராத்திரி ஆந்தை வந்து குந்தும், எலியப் புடிக்கும். பகல்ல அதே ஆந்தை வூட்டு முகட்டுல கத்துனா சகுனம் சரியில்லன்னு வெரட்டுவான். வேலைக்கு ஆந்தை வேணும், வூட்டுக்கு வேணாம். மனுசன்னா அப்படித்தான்.

சிவகங்கை பக்கம் பொத்தகுடின்னு ஒரு ஊரு. 2020, கொரோனா நேரம். தெருவெளக்கு சுச்சு பெட்டிக்குள்ள கருஞ்சிட்டு கூடு கட்டி முட்டை வச்சிடுச்சி. சுச்சப் போட்டா கூடு போவும். ஊரே கூடிப் பேசி, குஞ்சு பொரிச்சிப் பறக்குற வரைக்கும் ஒரு மாசத்துக்கு மேல தெருவெளக்கே போடாம இருட்டுல நடந்தாங்க. அதுல எத்தன பேருகிட்ட கொழா இருந்துச்சு? அதே மாவட்டத்துல கொள்ளுக்குடிப்பட்டியில கண்மாய்ப் பறவை மெரளும்னு தீவாளிக்கு வெடியே வெடிக்கறதில்ல. ஒன்னால முடியுமா? ஒன் அடுக்குமாடி வாட்சப்புல இதச் சொல்லிப் பாரு. குருப்புல இருந்தே தூக்கிடுவான்.

சரி, எங்க மாவட்டத்துக்கு வா. கரைவெட்டி ஏரி இருக்கு. 1999ல பறவைகள் சரணாலயம் ஆக்குனாங்க. 2024ல ராம்சர் பட்டியல்ல சேத்துட்டாங்க, ஒலக அளவுல முக்கியமான ஈரநெலம்னு. 450 எக்டேருக்கு மேல. 198 வகை பறவை பதிவாயிருக்குங்குறாங்க. வரித்தலை வாத்து இமயமலைய மேல தாண்டி வந்து எறங்குது. பேப்பருல படம் போட்டு எழுதுறாங்க. ஆனா அது பறவைக்குன்னு வெட்டுன ஏரியா? பாசன ஏரி தம்பி. புள்ளம்பாடி வாய்க்கால்ல மேட்டூர்த் தண்ணி வந்தாத்தான் அங்க வாத்து. நெல்லுக்குப் போற தண்ணியில புல்லுக்கும் கொஞ்சம்னு, நம்ம பாசனத்துல அதுங்களுக்கும் பங்கு. வாய்க்காலத் தூர்வாரலன்னா இமயமலை தாண்டி வந்தது இங்க வந்து மண்ணப் பாத்துட்டு நிக்கும்.

இன்னொண்ணு தெரியுமா? எங்க ஊருக்குத் தெக்கால அணைக்கரை. கொள்ளிடத்துக்குக் குறுக்க 1836ல காட்டன் தொரை கட்டுன கீழணை. அங்கேருந்து வடவாறு வழியா வீராணத்துக்குத் தண்ணி போவுது. வீராணத்துலேருந்து 2004ல குழாய் போட்டு ஒங்க மெட்ராசுக்குக் கொண்டுபோனாங்க. ஒன் பேசின்ல கொட்டுதே, அதுல எங்க நீர்க்காகம் முங்கி எழுந்திருக்கும், பாம்புத்தாரா றெக்கைய அலசியிருக்கும். தெனம் காலையில பல்லு வெளக்கறப்பவே ஒனக்கும் பறவைக்கும் சம்பந்தம் உண்டு. ஞாயித்துக்கெழம மட்டும் புதுசா அறிமுகம் ஆவறாப்புல நடிக்கிறியே, அதுதான் வேடிக்கை.

இதெல்லாம் கேட்டுட்டு போவாம இருந்துடாத. போ. நல்லாப் பாரு. கொழாயக் கொஞ்சம் கீழ எறக்கிட்டும் பாரு. டிராக்டரு சேடை ஓட்டறப்ப பின்னாலயே உண்ணிக்கொக்கு வரிசையா நடக்குதே, முன்ன ஏருக்குப் பின்னால நடந்த அதே கொக்கு. மாடு போயி எஞ்சின் வந்ததுக்கு அது ஒரு நாளாவது மூஞ்சியத் தூக்கிச்சா? கூட்டம் போட்டுச்சா? சேத்தக் கெளறுனா பூச்சி வரும், அவ்வளவுதான் அதுக்கு. நாமதான் பழைய காலம் போச்சேன்னு திண்ணையில குந்திப் பொலம்புறோம்.

பொங்கலுக்கு ஊருக்கு வர்றல்ல? அப்பவும் ஒரு கணக்கெடுப்பு நடக்குது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புன்னு 2015லேருந்து தமிழ்நாடு பூரா எண்ணுறாங்க. பேரன் சொன்னான். எங்க இருக்கியோ அங்க ஒரு கா மணி நேரம் நின்னு கண்ணுல பட்டத எழுதுனாப் போதுமாம். அப்ப ஒண்ணு செய்யி. மார்கழிப் பட்டத்துக் கடலை போட்டிருப்போம். என் கொல்லை வரப்புல வந்து நில்லு. மயிலு வரும். தேசியப் பறவை. 1963லயே பட்டம் குடுத்துட்டாங்க. ஒனக்கு அது தோகை, எனக்கு அது வெதக்கடலை. வெதச்ச மறுநாளே மொளைக்கிறதுக்கு முன்னாடி வரிசை தப்பாமத் தோண்டித் தின்னுப்புடும். அடிக்கக்கூடாது, சட்டம். வெரட்டுனா அந்தாண்ட போயி நின்னு தோகைய விரிச்சிக் காட்டுது.

எத்தன மயிலுன்னு தப்பில்லாம எண்ணு. ஆண் எத்தன, பொட்டை எத்தன, எத்தன மணிக்கு வந்துச்சி, எந்தப் பக்கமா எறங்குச்சி, எல்லாத்தையும் எழுது. அடியில ஒன் பேரு, படிப்பு, கையெழுத்துப் போட்டுக் குடு. செல்லுல ஏத்துறத ஏத்திக்க, எனக்கு ஒரு காயிதத்துல வேணும். திங்கக்கெழம கலெக்டரு ஆபீசு மனுவுல சேத்து வைக்கிறேன். கிழவன் சொன்னா நம்ப மாட்டாங்க. தொப்பி போட்ட ஆளு எண்ணிக் குடுத்தா நம்புவாங்க. தொப்பிய மறக்காம கொண்டா.